கணக்குக் கேட்ட கேப்டன்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

மலரைப் புரட்டிக்கொண்டே வந்து இந்தப் பக்கத்தில் 'ஐஸ் ஹாக்கி' என்ற வார்த்தையைப் பார்த்ததும், "ஐஸை ஜூஸ் கடையில மட்டுமே பாத்தவனுக்கு ஐஸ் ஹாக்கி கேக்குதா?" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நான் சொல்ல வந்த கதையில் காண்டிராக்ட் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பென்ஷன் பிடித்தம் இருக்கிறது, மேனேஜர் இருக்கிறார், சங்கம் இருக்கிறது. இன்னும் ஒரு வருடத்தில் நீங்களும் நானும் போய் நிற்கப் போகிற இடத்தின் சங்கதிகள் அத்தனையும் இதில் உண்டு. ஐஸ் மட்டும்தான் கூடுதல்!

முதலில் ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 200 அடி நீளம், 85 அடி அகலத்தில் உறைந்த பனித்தரை. சுற்றிலும் தடுப்புப் பலகை. ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். காலில் இரும்புத் தகடு பொருத்திய ஸ்கேட், கையில் மட்டை. பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குல கனம், வல்கனைஸ் செய்த ரப்பர். துள்ளாமல் வழுக்கிப் போகவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதைக் குளிரில் உறைய வைத்து எடுப்பார்கள். (ரப்பரின் எலாஸ்டிசிட்டி வெப்பத்தோடு மாறும் என்று மெட்டீரியல்ஸ் வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்டோமே, அதேதான்.) ஆளோடு ஆள் மோதுவது விதிப்படி குற்றமில்லை. எல்லை மீறி முரட்டுத்தனம் செய்தால் ஓரத்தில் இருக்கும் பெட்டிக்குள் இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ போய் உட்காரவேண்டும்.

இந்த ஆட்டத்தின் பெரிய லீக் என்.எச்.எல்., அதாவது நேஷனல் ஹாக்கி லீக். 1917ல் கனடாவில் தொடங்கியது. 1942லிருந்து 1967 வரை அதில் மொத்தமே ஆறு டீம்கள்தான்: மான்ட்ரியல், டொராண்டோ, டெட்ராய்ட், சிகாகோ, பாஸ்டன், நியூயார்க். டீமுக்குச் சுமார் இருபது பேர் என்று வைத்தாலும் உலகத்திலேயே அந்த வேலையில் இருந்தவர்கள் நூற்றிருபது பேருக்குள்தான். கீழே சின்ன லீக்குகளில் நூற்றுக்கணக்கான பேர் "எப்ப ஒரு இடம் காலியாகும்" என்று காத்துக் கிடந்தார்கள். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும்.

நம்ம கதாநாயகர் டெட் லிண்ட்சே. 1925 ஜூலை 29ல் ஒன்டாரியோ மாகாணத்தில் ரென்ஃப்ரூ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பெர்ட் லிண்ட்சேயே ஒரு காலத்து கோல்கீப்பர், லீக்கின் முதல் வருடத்தில் ஆடியவர். மகன் வளர்ந்தது வடக்கே கிர்க்லண்ட் லேக் என்ற தங்கச் சுரங்க ஊரில். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். அந்த ஆட்டத்துக்கு அது குள்ளம்! ஆனால் ஐஸில் இறங்கினால் தன்னைவிட ஒரு தலை உயரமானவனையும் பலகையோடு வைத்துத் தேய்த்துவிடுவார். 'டெரிபிள் டெட்' என்று பட்டப்பெயர். முகம் முழுக்கத் தையல் தழும்பு. முழங்கையால் இடிப்பது, முழங்காலால் இடிப்பது இரண்டையும் லீக் தனிக் குற்றங்களாக எழுதி வைத்ததே இவரால்தான் என்பார்கள். ஆக, இவர் காந்தி மகான் இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்!

1944ல் பத்தொன்பது வயதில் நேராக டெட்ராய்ட் ரெட் விங்ஸ் டீமுக்கு வந்தார். நடுவில் சிட் ஏபல், வலது பக்கம் கார்டி ஹோவ், இடது பக்கம் லிண்ட்சே. டெட்ராய்ட் மோட்டார் கம்பெனிகளின் ஊரல்லவா? இந்த மூவருக்கும் 'புரொடக்‌ஷன் லைன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1949-50 பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்த முதல் மூன்று இடமும் இவர்களுக்கே: லிண்ட்சே 78, ஏபல் 69, ஹோவ் 68. 1950, 1952, 1954, 1955 என்று நான்கு முறை ஸ்டான்லி கோப்பை. 1950ல் கோப்பையை மேசையிலிருந்து தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சறுக்கி, காசு கொடுத்துப் பார்க்க வந்த ஜனங்களுக்குக் கிட்டத்தில் காட்டியவர் லிண்ட்சே. இன்று ஜெயிக்கிற டீமெல்லாம் கோப்பையோடு சுற்றி வருகிறதே, அந்தப் பழக்கத்தை இவர் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தைரியத்துக்கு ஒரு உதாரணம். 1956 மார்ச்சில் டொராண்டோவில் பிளே-ஆஃப் ஆட்டம். லிண்ட்சேயும் ஹோவும் ஐஸில் இறங்கினால் சுட்டுவிடுவோம் என்று மிரட்டல் வந்தது. இருவரும் இறங்கினார்கள். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை லிண்ட்சே அடித்தார். முடிந்ததும் மட்டையைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து, கூட்டத்தைப் பார்த்து 'சுட்டபடி' சுற்றி வந்தார்! ரஜினி படத்து இன்டர்வெல் சீன் தோற்றுவிடும்.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம்.

இத்தனை புகழ் பெற்ற ஆட்டக்காரனின் உத்தியோகம் எப்படி இருந்தது தெரியுமா? பதினாறு, பதினேழு வயதில் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பையன் அந்த கிளப்புக்குச் சொந்தம். காண்டிராக்ட் வருடாவருடம் முடியும், ஆனால் அவன் வேறு கிளப்பிடம் போய் வேலை கேட்க முடியாது. கிளப் நினைத்தால் அவனை வேறு ஊருக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், சின்ன லீக்குக்கு இறக்கிவிடலாம். வீடு மாற்றுகிற செலவு அவனுடையது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன சம்பளம் வாங்குகிறான் என்று யாருக்கும் தெரியாது, கேட்கக் கூடாது. கோடை விடுமுறையில் பலர் வேறு வேலைக்குப் போய்த்தான் குடும்பத்தை ஓட்டினார்கள். அப்போதெல்லாம் தலைக்கவசம் போடுகிற பழக்கமே இல்லை. கோல்கீப்பர்கள் முகமூடி இல்லாமல்தான் நின்றார்கள். மான்ட்ரியலின் ஜாக் பிளான்ட் முகத்தில் அடிபட்டு, 1959 நவம்பரில் பிடிவாதமாக மாட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அது வழக்கத்துக்கு வந்தது. 1950ல் கார்டி ஹோவ் பலகையில் மோதி மண்டையோடு உடைந்து, மூளையில் ஏறிய அழுத்தத்தைக் குறைக்க ஆபரேஷன் செய்து பிழைத்தார். அப்படிப்பட்ட வேலை, அப்படிப்பட்ட காண்டிராக்ட்!

"நம்மகிட்ட மட்டும் என்ன வாழுது?" என்கிறீர்களா? கரெக்ட். கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆனதும் நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிற கூட்டம் நாம். பாண்டில் எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்டவேண்டும், ஒரிஜினல் சர்டிஃபிகேட் யாரிடம் இருக்கும் என்று படித்துப் பார்க்கிறவன் பத்தில் ஒருவன். அவனையும் "ரொம்பப் படிச்சவன்" என்று கிண்டல் செய்கிறோம்.

லிண்ட்சே கேட்டது ரொம்பச் சின்ன கேள்வி. 1947ல் ஆட்டக்காரர்களுக்கு பென்ஷன் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். ஆட்டக்காரன் வருடத்துக்கு 900 டாலர் தன் சம்பளத்திலிருந்து கட்டவேண்டும். சில ஆயிரம் டாலர் சம்பளத்தில் அது பெரிய துண்டு. லீக் தன் பங்காக ஆல்-ஸ்டார் ஆட்டத்து வசூலில் ஒரு பகுதியையும் பிளே-ஆஃப் டிக்கெட்டில் கூட்டி வைத்த காசையும் போடும் என்று ஏற்பாடு. அந்த பென்ஷன் குழுவில் ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளாக லிண்ட்சேயும் மான்ட்ரியல் டீமின் டக் ஹார்வியும் உட்கார்ந்தார்கள். நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எங்கே போட்டிருக்கிறீர்கள், கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். காட்டவில்லை. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, போய் ஆடுங்க" என்கிற தோரணைதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். லிண்ட்சேயும் ஹார்வியும் சிநேகிதர்கள் இல்லை. டெட்ராய்ட்டும் மான்ட்ரியலும் 1952, 1954, 1955, 1956 என்று நான்கு இறுதிப் போட்டிகளில் மோதிய ஜென்மப் பகையாளிகள். ஒரே ரயிலில் இரண்டு டீமும் அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் போனாலும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பேசக்கூடாது என்பதுதான் முதலாளிகளின் விருப்பமும். எதிரி டீம்காரனோடு பேசாத வரைக்கும் சம்பளத்தை ஒப்பிட முடியாதே! அந்தப் பகையை ஓரம் கட்டிவிட்டு இருவரும் உட்கார்ந்து பேசினதைத்தான் இந்தக் கதையிலேயே பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன். நான்கு கோப்பை எல்லாம் அப்புறம்தான். நம்ம ஊரில் மெக்கானிக்கலும் சிவிலும் ஸ்போர்ட்ஸ் டே சண்டையை அடுத்த வருடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு திரிகிறதைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்காக வாதாடிய நியூயார்க் வக்கீல்களைப் பிடித்தார்கள். 1956-57 பருவம் முழுக்க, முதலாளிகளுக்கு வாசனைகூடப் போகாமல், ஒவ்வொரு டீமிலும் ஆள் பிடித்து, தலைக்கு 100 டாலர் சந்தா வாங்கி, லீக்கில் ஒரே ஒருவரைத் தவிர எல்லாரையும் சேர்த்துவிட்டார்கள். 1957 பிப்ரவரியில் நியூயார்க்கில் சங்கத்தை அறிவித்தபோது தலைவர் லிண்ட்சே. என்ன கேட்டார்கள்? குறைந்தபட்சச் சம்பளம். பென்ஷனுக்குக் கூடுதல் பணம். ஊர் மாற்றினால் வீடு மாற்றும் செலவு. அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த டெலிவிஷன் வருமானத்தில் ஒரு பங்கு. நிலவைப் பிடித்துக் கொடு என்று கேட்கவில்லை ஐயா!

அந்தப் பருவத்தில் லிண்ட்சே எப்படி ஆடினார் என்பதையும் சொல்லவேண்டும். 30 கோல், 55 அசிஸ்ட், மொத்தம் 85 புள்ளி. அவர் வாழ்க்கையிலேயே அதிகம். லீக்கில் அவருக்கு மேலே ஹோவ் ஒருவர்தான். இதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1957 ஜூலையில் லீக்கின் கடைசி டீமாகக் கிடந்த சிகாகோவுக்குத் தூக்கி அடித்தார்கள்! கூடவே கிளென் ஹால் என்ற அருமையான கோல்கீப்பரையும். டெட்ராய்ட் மேனேஜர் ஜாக் ஆடம்ஸ் லிண்ட்சேயைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லாதது பாக்கியில்லை. அவர் வாங்கியது 12,000 டாலர். 25,000 என்று காட்டுகிற போலி காண்டிராக்ட் ஒன்றை ஆடம்ஸ் நிருபர்களிடம் காட்டினதாகப் பின்னால் பலரும் எழுதினார்கள். "இவ்வளவு வாங்கறவனுக்கு என்ன குறை?" என்று ஜனங்களைப் பேச வைக்கிற வித்தை அது. நம்ம ஊர் பேப்பரிலும் எந்த ஸ்டிரைக் வந்தாலும் முதலில் வருவது சம்பளப் பட்டியல்தானே?

ஏன் சிகாகோ? டெட்ராய்ட்டின் முதலாளி புரூஸ் நாரிஸ். சிகாகோவின் முதலாளிகளில் ஒருவர் அவருடைய அண்ணன் ஜேம்ஸ் நாரிஸ். நியூயார்க் டீம் ஆடிய மாடிசன் ஸ்கொயர் கார்டனிலும் அந்தக் குடும்பத்தின் கை இருந்தது. ஆறு டீமில் மூன்று ஒரே வீட்டுக்குள்! ஆளை அனுப்புகிறவரும் வாங்கிக்கொள்கிறவரும் ஒரே குடும்பமென்றால் அதற்குப் பெயர் வியாபாரமா? டொராண்டோவில் சங்க வேலை பார்த்த ஜிம் தாம்சனுக்கும் அதே சிகாகோ டிக்கெட். ஹார்வியை மட்டும் மான்ட்ரியலால் உடனே தொட முடியவில்லை, அத்தனை பெரிய ஆட்டக்காரர். 1961ல், லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அவர் வாங்கிய அதே வருடத்தில், நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். சங்கம்தான் காரணம் என்று ஹார்வி கடைசிவரை நம்பினார். அந்த விருதின் பெயர் என்ன தெரியுமா? நாரிஸ் கோப்பை!

சங்கத்துக்கு என்ன ஆச்சு? லீக்கின் மேல் வழக்குப் போட்டார்கள். முதலாளிகள் ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். 1957 நவம்பரில் முதலில் விலகியது எந்த டீம் தெரியுமா? லிண்ட்சேயின் சொந்த டீம், டெட்ராய்ட். ரெட் கெல்லியும் கார்டி ஹோவும் முன்னால் நிற்க, ரெட் விங்ஸ் வாக்கெடுத்து வெளியேறியது. பத்து வருடம் பக்கத்திலேயே சறுக்கிய ஹோவ்! மான்ட்ரியலும் பின்வாங்கியது. சங்கம் படுத்துவிட்டது.

ஹோவைத் துரோகி என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒன்பது பிள்ளைகளில் ஒருவராக வறுமையில் வளர்ந்தவர். கையில் இருக்கிற சோற்றைத் தட்டிவிட யாருக்குத்தான் தைரியம் வரும்? ஆனால் அவர் கொடுத்த விலையையும் பாருங்கள். மேனேஜர் நியாயமாகத்தான் தருவார் என்று வருடாவருடம் கையெழுத்துப் போட்டார். 1968ல் டெட்ராய்ட்டுக்குப் புதிதாக வந்த பாப் பான் என்பவர் சொல்லித்தான், தன்னைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறவர்கள் தன் டீமிலேயே இருக்கிறார்கள் என்று தெரிந்தது. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு, நாற்பது வயதில்! நேராக முதலாளியிடம் போய் ஒரு லட்சம் டாலர் கேட்டார். நாரிஸ் மறுபேச்சில்லாமல் சரி என்றார். அப்படியென்றால் இருபது வருடமாக எவ்வளவு விட்டிருப்பார் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார், பாவம்.

இப்ப நம்ம ஹாஸ்டல் வாதத்துக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொன்னால் உடனே இரண்டு கேள்வி வரும். "அவர்தான் டாப்ல இருந்தாரே, அவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்பது ஒன்று. "கடைசியில் தோத்துட்டாரே!" என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு என் பதில்: டாப்பில் இருந்ததால்தான் அவர் கேட்கவேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்கிற நான்காம் லைன் ஆட்டக்காரன் கணக்குக் கேட்டால் மறுநாள் காலை சின்ன லீக் ரயிலில் இருப்பான், பேப்பரில் ஒரு வரிகூட வராது. நம்ம காலேஜிலும் அப்படித்தானே? ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுக்கிறவன் லேபில் மெஷின் ஓடவில்லை என்று சொன்னால் அது கோரிக்கை. நாலு அரியர் வைத்தவன் சொன்னால் அது தகராறு. அதனால்தான் சொல்கிறேன், ரேங்க் வாங்குகிற நண்பர்களே, "நமக்கெதுக்கு வம்பு" என்று நீங்கள் ஒதுங்கினால் மீதிப் பேர் வாயைத் திறக்கவே முடியாது. இது உங்களைக் குற்றம் சொல்ல எழுதியதில்லை. லிண்ட்சேக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்கிறேன், விலை தெரிந்துதான் கேட்கிறேன்.

இரண்டாவது கேள்வி. சங்கம் தோற்றது உண்மை. ஆனால் வழக்கை முடிக்க முதலாளிகள் 1958 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் உட்கார்ந்து பேசினார்கள். 7,000 டாலர் குறைந்தபட்சச் சம்பளம், பென்ஷனுக்குக் கூடுதல் பணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று சில கோரிக்கைகளை ஒத்துக்கொண்டார்கள். சிகாகோவில் லிண்ட்சே மனசே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த வருடம் அது. அவரை விட்டு விலகினவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சலுகை கிடைத்தது. டெட்ராய்ட் நிலைமை என்ன? லிண்ட்சேயையும் ஹாலையும் விற்ற டீம் அடுத்த ஸ்டான்லி கோப்பையைத் தொட்டது 1997ல். விற்கப்பட்ட ஹாலை வைத்துக்கொண்டு சிகாகோ 1961லேயே கோப்பை வாங்கியது. இதில் ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு உண்டு, மறைப்பானேன்!

இதோடு நிறுத்தினால் "யூனியன் வாழ்க" கட்டுரையாகிவிடும். எழுதியது யூனியன் மலர் என்பதால் அப்படி முடித்தால் சங்கச் செயலாளருக்கும் சந்தோஷம். ஆனால் கதையின் அடுத்த பாதி கசப்பானது.

1967ல் மறுபடியும் சங்கம் வந்தது. இந்த முறை நின்றது. நடத்தியவர் ஆலன் ஈகிள்சன் என்ற டொராண்டோ வக்கீல். பாபி ஆர் என்ற பதினெட்டு வயதுப் பையனுக்கு பாஸ்டனிடம் பெரிய காண்டிராக்ட் வாங்கிக் கொடுத்துப் பெயர் எடுத்தவர். ஆட்டக்காரர்கள் அவரைத் தெய்வமாகவே கொண்டாடினார்கள். அவரே சங்கத்தின் தலைமை நிர்வாகி, அவரே பல ஆட்டக்காரர்களின் ஏஜெண்ட், சர்வதேசப் போட்டிகளை நடத்துகிறவரும் அவரே. எல்லாச் சாவியும் ஒரே இடுப்பில்! கணக்கை யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களை வாயடைத்தார்.

முடிவு என்ன? பாபி ஆர், எட்டு வருடம் தொடர்ந்து அந்த நாரிஸ் கோப்பையை வாங்கிய மேதை, முழங்காலில் ஆபரேஷன் மேல் ஆபரேஷன். 1976ல் பாஸ்டன் அவருக்கு டீமிலேயே 18 சதவீதத்துக்கு மேல் பங்கு தர முன்வந்தது. ஈகிள்சன் அதை அவரிடம் சொல்லவேயில்லை. ஆர் சிகாகோவுக்குப் போனார். 1978ல், முப்பது வயதில், முழங்கால் முடிந்து ஓய்வு பெற்றபோது கையில் காசு இல்லை. 1991லிருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிறிய ஊரின் பத்திரிகை நிருபர் ரஸ் கான்வே தோண்டித் தோண்டி எழுத, விவகாரம் வெளியே வந்தது. அவருக்குத் தகவல் தேடிக் கொடுத்தவர்களில் வயதான லிண்ட்சேயும் உண்டு. 1998ல் ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கனடா நீதிமன்றம் பதினெட்டு மாதச் சிறை விதித்தது. அவரை ஹால் ஆஃப் ஃபேமில் வைத்திருந்தால் நாங்கள் வெளியேறுகிறோம் என்று லிண்ட்சே, ஆர், ஹோவ் உட்படப் பழைய ஆட்டக்காரர்கள் நின்றதும் அவரே விலகிக்கொண்டார்.

அந்த பென்ஷன் நிதி? கார்ல் பிரூவர் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். நிதியில் சேர்ந்த உபரியை லீக் தன் பாக்கியைக் குறைத்துக்கொள்ளப் பயன்படுத்தியது தவறு என்று 1992ல் ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பீலும் தோற்று, 1994க்குப் பிறகு பல கோடி டாலரை லீக் பழைய ஆட்டக்காரர்களுக்குத் திருப்பவேண்டியதாயிற்று. 1950களில் லிண்ட்சே கேட்ட அதே கணக்குதான். பதில் வர நாற்பது வருடம் ஆயிற்று. நடுவில் எத்தனையோ பேர் செத்தே போனார்கள்.

ஆகவே என் கட்சி இது: முதலாளி கணக்குக் காட்டாதது எவ்வளவு ஆபத்தோ, அதைவிட ஆபத்து நம்ம சங்கமே கணக்குக் காட்டாதது. ஏனென்றால் முதலாளியைச் சந்தேகப்பட நமக்குத் தெரியும், நம்ம ஆளைச் சந்தேகப்படக் கூச்சம். நீங்கள் கையில் வைத்திருக்கிற இந்த மலருக்கும் சந்தா கொடுத்தது நாம்தான். வரவு செலவு கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருந்தால் படியுங்கள். அச்சாகாவிட்டால் செயலாளரை கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள். மலர்க் குழுவில் நானும் இருக்கிறேன், என்னையும் கேளுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டேன், டீ வாங்கித் தந்தால் சீக்கிரம் சொல்வேன்!

லிண்ட்சே என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1960ல் ஓய்வு பெற்றார். பழைய டீம் நண்பர் மார்ட்டி பாவலிச்சோடு சேர்ந்து மோட்டார் கம்பெனிகளுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் சப்ளை செய்கிற தொழிலில் இறங்கினார். (மோல்டிங் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க.) 1964ல் டெட்ராய்ட்டின் பொறுப்பில் இருந்தது பழைய கூட்டாளி சிட் ஏபல். அவர் கூப்பிட, நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு 39 வயதில் மறுபடி ஐஸில் இறங்கினார். லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் பகிரங்கமாகக் கேலி செய்தார். 14 கோல், 14 அசிஸ்ட், 173 நிமிடம் பெட்டிக்குள் தண்டனை. வயசானாலும் குணம் மாறவில்லை பாருங்கள்! டெட்ராய்ட் அந்தப் பருவம் லீக்கில் முதலிடம். கேம்பல் தன் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மொத்தம் 1,068 ஆட்டம், 379 கோல். 1991ல் அவருடைய 7ம் எண் பனியனை டெட்ராய்ட் இனி யாருக்கும் தருவதில்லை என்று மைதானத்தில் உயரத் தொங்கவிட்டது. ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு வருடத்தின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிற விருதுக்கு 2010ல் சங்கம் அவர் பெயரை வைத்தது. 2023-24 பருவத்தில் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர். 2019 மார்ச் 4ல், 93 வயதில் மிச்சிகனில் காலமானார்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 1966ல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். ஒரு ஆட்டக்காரனுக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது. விழா விருந்துக்கு அழைப்பு வந்தது. ஆண்களுக்கு மட்டும் என்றார்கள். இத்தனை வருடம் என் தையலையும் என் கோபத்தையும் பொறுத்துக்கொண்டவர்கள் என் மனைவியும் பிள்ளைகளும், அவர்களுக்கு அங்கே இடமில்லை என்றால் நான் வரவில்லை என்று லிண்ட்சே வீட்டிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து குடும்பத்தோடு வரலாம் என்று விதியை மாற்றினார்கள்.